வால்வு ரேடியோவும் இரண்டரைச் சுற்று நூலும்

போன வாரம் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோ பரணில் கிடந்தது, இறக்கிவிட்டேன். பிளக்கைச் சொருகிப் பார்க்கவா?" என்றார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் என் வால்வு ரேடியோவின் டயல் நூல், அதாவது குமிழைத் திருப்பினால் நிலையம் காட்டும் முள்ளை நகர்த்தும் நூல், நான்காவது முறையாகக் கழன்று விழுந்திருந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் இடுக்கி, பல்லிடுக்கில் நூல் முனை. "அதை அப்படியே பரணில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை என்று பிறகு தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு வருடமாக இந்த ரேடியோவை வைத்திருக்கிறேன். நிலையம் சரியாகச் சிக்கியதை ஒளியால் காட்டும் மேஜிக் ஐயையும் சேர்த்து ஆறு வால்வு, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள். இசிஹெச் 81, இஎஃப் 89, இபிசி 81, இஎல் 84, இஇசட் 80 என்ற வழக்கமான வரிசைதான். கைக்கு வந்தபோது எலி கடித்த ஒயர், பூச்சி அரித்த ஸ்பீக்கர் துணி, உள்ளே விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. இதெல்லாம் எல்லாப் பழைய ரேடியோவுக்கும் உள்ளதுதான்.

பலரும் பயப்படும் மின்சார வேலை எனக்குச் சுலபமாகத்தான் முடிந்தது. நேரடியாகச் சொருகவில்லை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போட்டு, அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். எனக்குப் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. அடுத்து மீட்டரை வைத்த இடம், ஸ்பீக்கரை ஓட்டும் இஎல் 84-இன் கிரிட், அதாவது வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை. அங்கே பாசிட்டிவ் வோல்ட் இருக்கவே கூடாது. எனக்கு 4 வோல்ட் காட்டியது. முந்தைய வால்வின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய மெழுகுக் காகித கண்டென்சர், டி.சி.யையும் சேர்த்துக் கசியவிடுகிறது என்று அர்த்தம். அந்த வால்வுக்கு, எலக்ட்ரான்கள் கிளம்பும் முனையான கேதோடில் ஏழு வோல்ட்டுக்குச் சற்றுக் கூட இருப்பதுதான் கடிவாளம். கிரிடில் நான்கு ஏறினால் கடிவாளம் தளர்ந்து, கரண்ட் எகிறி, முதலில் வால்வு பழுக்கும், பிறகு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். வால்வு இன்றும் கிடைக்கிறது. அந்த டிரான்ஸ்பார்மருக்குத்தான் அலைய வேண்டும். 630 வோல்ட் தாங்கும் புது பாலியெஸ்டர் கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்தேன். கால் மணி நேர வேலை.

மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டென்சரும் காய்ந்துபோயிருந்தது. பழைய அலுமினிய டப்பாவை அழகுக்காக மேலேயே விட்டுவிட்டு, புதியவற்றைச் சேசிஸுக்கு, அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டுக்கு, அடியில் ஒளித்துவைத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை: ஹம் சத்தம் அடியோடு போகட்டும் என்று முதல் கண்டென்சரை 100 மைக்ரோஃபாரட் போட ஆசை வரும். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் இஇசட் 80-க்கு அந்த இடத்தில் 50-தான் உச்சம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்த வால்வைத் தண்டிக்கிறீர்கள். மெல்லிய ஹம் இன்னும் இருக்கிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை முழுக்க நூலோடுதான்.

ரேடியோ பேச ஆரம்பித்த அன்று தலைகால் புரியாமல் சேசிஸைத் துடைத்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். இரண்டு மாதம் கழித்து டயல் நூல் அறுந்தது. எப்படிக் கோத்திருந்தது என்று பார்க்க, துடைப்பதற்கு முன் எடுத்திருந்த ஒரே படத்தைத் திறந்தேன். நூல் சுற்றிப் போகும் சக்கரமான டிரம்முக்குப் பக்கத்தில், சேசிஸ் தகட்டின் மேலேயே, யாரோ ஒரு பழைய மெக்கானிக் பென்சிலால் நூல் போகும் வழியை வரைந்து வைத்திருக்கிறார். நாலைந்து அம்புக்குறிகள், சிறு வட்டங்கள், ஓரத்தில் "2½". மீதியெல்லாம் கலங்கல். அசலை நான்தான் துணியால் துடைத்து எடுத்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டென்சரின் தண்டு அரைச் சுற்றுதான் சுற்றும். அதில் மாட்டிய டிரம்மின் பாதிச் சுற்றளவுதான் முள் நகரும் தூரம். என் டிரம் 9 சென்டிமீட்டர் குறுக்களவு, முள் 14 சென்டிமீட்டர் நகர்கிறது. நூலின் இரு முனைகளும் டிரம்முக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும். அங்கிருந்து உருளைகள் மேல் ஏறி, முள்ளைத் தாங்கி, டியூனிங் குமிழின் தண்டை இரண்டரைச் சுற்று சுற்றித் திரும்பும். இரண்டு சுற்று என்றால் வழுக்கும். மூன்றரை என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். சுற்றும் திசை மாறினால் குமிழை வலப்பக்கம் திருப்ப முள் இடப்பக்கம் ஓடும். இரண்டாவது முயற்சியில் அதையும் செய்து முடித்து, ஒரு மாதம் அப்படியே கேட்டுப் பழகிக்கொண்டேன். முதல் தடவை தூண்டில் நரம்பைப் போட்டது இன்னொரு மடத்தனம். வழவழப்பு, போதாததற்கு நீளவும் செய்கிறது. பின்னிய நூல்தான் நிற்கும். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியைத் தண்டு படும் இடத்தில் லேசாகத் தேய்த்தால் பிடிப்பு வரும். இவ்வளவும் செய்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நழுவியது. நள்ளிரவில் தூரத்து நிலையம் ஒன்று மெல்லக் கேட்க ஆரம்பிக்கும், குமிழைத் திருப்பினால் குமிழ் மட்டும் சுற்றும், முள் நின்ற இடத்தில் நிற்கும்.

இதில் கேலிக்கூத்து என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு முள்ளைச் சரியாக நிறுத்துவது எந்த ஊருக்கு? டயல் கண்ணாடியில் சுவிட்சர்லாந்து நிலையமான பெரோமூன்ஸ்டர் என்று இருக்கிறது. அந்த மீடியம் வேவ் ஒலிபரப்பு 2008-இலேயே நின்றுவிட்டது. 208 மீட்டருக்கு நேராக லக்சம்பர்க். அது 2015-இன் கடைசி நாளோடு மௌனம். ஊமையாகிப்போன ஊர்களுக்கு அரை சென்டிமீட்டர் பிசகாமல் முள்ளை நிறுத்த நான் பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பகலில் கேட்பது இரண்டே நிலையம். கூடவே வீட்டு எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் போடும் கரகரப்பு. இரவில், அலைகளை விழுங்கும் அயனி மண்டலத்தின் அடித்தட்டு மறைந்த பிறகுதான் உலகம் திறக்கிறது.

அப்படித் திறக்கும்போது நன்றாகவே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வால்வுகள் சூடாகும் வரை அரை நிமிடம் ஒன்றும் கேட்காது, பிறகு ஒரு குரல் நெருங்கி வரும். பெரிய காகிதக் கூம்பும் மரப்பெட்டியும் சேர்ந்து செய்தி வாசிப்பவருக்குக் கொடுக்கும் நெஞ்சுக்கட்டு என்னிடம் உள்ள வேறெந்த ஸ்பீக்கரிலும் இல்லை. வயலின் அவ்வளவு சுகமில்லை. மேல் ஸ்தாயி மழுங்கித்தான் கேட்கிறது. மேஜிக் ஐ மங்கிவிட்டது. அது எரிய எரியத் தேயும் சாமான் என்பதால் இருட்டில் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரத்துக்கு வருகிறேன். நான்காவது முறை கழன்றபோது எரிச்சலில் டிரம்மைக் கையால் திருப்பிப் பார்த்தேன். அழுத்தமாக இருந்தது. கேங்கின் தண்டு உட்காரும் பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. அதைக் கரைத்து எடுத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஊதினால் நகரும் போல ஆகிவிட்டது. நான்கு வருடமாக நூலைத் திட்டியிருக்கிறேன். அது பாவம், திரும்ப மறுத்த தண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இருந்தாலும் நூல் மேல் இருந்த கோபம் முழுசாகப் போகவில்லை. இன்று காலையும் முள் ஒரு நூலிழை தள்ளி நின்றது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நல்ல ஒலி வேண்டுமென்றால் அதற்கு வேறு வழிகள் நிறைய இருக்கின்றன, ஒன்றிலும் நூல் கிடையாது. என்னுடையதை யாராவது கேட்டால் கொடுப்பேனா என்பது வேறு கேள்வி. இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

நண்பருக்கு நேற்று இப்படி எழுதி அனுப்பினேன். "சொருகவே வேண்டாம். வால்வுகளின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். 'இ' என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட், பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இருக்கும். 'யு' என்றால் சேசிஸே மெயின்ஸோடு ஒட்டியிருக்கலாம். அதைத் தனியாகத் தொடாதீர்கள், நான் வருகிறேன். எதுவாக இருந்தாலும் பின்பக்க அட்டையைக் கழற்றி, துணியே படாமல், டிரம் பக்கம் வெளிச்சம் விழும்படி வைத்து நாலு படம் எடுத்து அனுப்புங்கள். தூசி அப்படியே இருக்கட்டும்."