மாக்குலா சிதைவுக்கான சத்து மாத்திரைகள்: யாருக்குப் பயன் தரும்?

விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா முதுமையில் சிதைந்து, எதிரில் இருப்பவரின் முகமும் படிக்கும் எழுத்தும் மங்கிப்போகும் நோய்க்கு, ‘ஏரெட்ஸ் 2’ கலவை என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரைகளை என் தாயார் கண் மருத்துவரின் பரிந்துரைப்படி உட்கொண்டு வருகிறார். இவை தகுந்த நோயாளிக்கு உண்மையிலேயே பயன்படுபவை. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு எல்லோருக்கும் உரியவை அல்ல.

அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001இல் வெளியிட்ட முதல் ஆய்வில், நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு இக்கலவையின் பழைய வடிவால் அது முற்றும் அபாயம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. இழந்த பார்வை திரும்பவில்லை. நோயே இல்லாதவர்களுக்கும் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கும் பயன் காணப்படவில்லை. இந்த வரம்பைப் பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிடாமல், கண்ணாடி அணிந்த எவருக்கும் ஏற்றது என்பதுபோல் விற்பது எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது.

வாங்கும்போது அளவுகளைப் பார்க்க வேண்டும். ‘ஏரெட்ஸ் 2’ என்ற இரண்டாம் ஆய்வில் கொடுக்கப்பட்ட நாளளவு, கீரைகளில் உள்ள மஞ்சள் நிறமிகளான லூட்டீன் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி., வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 அலகு, துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. ஆகும். துத்தநாகம் மிகுந்தால் உடலில் தாமிரம் குறைந்து இரத்தசோகை வரக்கூடும் என்பதாலேயே தாமிரம் சேர்க்கப்படுகிறது. இந்த அளவு ஒரு மாத்திரையிலா இரண்டிலா கிடைக்கிறது என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் துத்தநாகம் குமட்டலை உண்டாக்கும். லூட்டீனோ கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்கு உட்கிரகிக்கப்படும். ஆகவே உணவுடன் உட்கொள்வதே சரி.

பழைய கலவையில் இருந்த, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமியான பீட்டா கரோட்டின் புகைபிடிப்போருக்கும் முன்பு புகைபிடித்தோருக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியதால், 2013இல் வெளியான இரண்டாம் ஆய்வுக்குப் பின் லூட்டீனும் ஸியாசாந்தினும் அதற்கு மாற்றாயின. பீட்டா கரோட்டின் உள்ள புட்டியை இவ்விரு சாராரும் அறவே தவிர்க்க வேண்டும். மேலும், இந்நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களுள் புகைப்பழக்கமே முதன்மையானது என்பதால், மாத்திரையை விழுங்கியபடி புகைப்பதைத் தொடர்பவரிடம் இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கீரைகளும் மீனும் மிகுந்த உணவை வழக்கமாகக் கொண்டவர்களிடம் நோய் மெதுவாக முற்றுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அதே இரண்டாம் ஆய்வில் மீனில் உள்ள கொழுப்பான ஒமேகா 3 மாத்திரைகள் கூடுதல் பயன் தரவில்லை. எனவே அதைச் சேர்த்திருப்பதற்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

மாத்திரை உட்கொள்பவரும் ஒவ்வொரு கண்ணாகக் கட்டம் போட்ட தாளைப் பார்த்துவர வேண்டும். நேர்கோடுகள் திடீரென வளைந்து தெரிந்தால் அது விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக்குழாய்கள் வளர்ந்து கசியும் ஈரவகைச் சிதைவாக இருக்கக்கூடும். அதற்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து தாமதமின்றித் தேவை.