ஒரு லெவன்ஸ் டர்ஃபா, மூன்று செவன்ஸ் டர்ஃபா? சென்னை ஏரியா டீம்களுக்கான கணக்கு

மாநகராட்சி கால்பந்து மைதானம் ஒன்றுக்கு டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, போடப் பணம் ஒதுக்கிவிட்டார்கள் என்றால், அடுத்த பேச்சு எந்த கம்பெனி கார்பெட் (புல் விரிப்பு), புல் உயரம் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்றுதான் ஆரம்பிக்கும். சுற்றுவட்டாரத்தில் எத்தனை டீம் இருக்கிறது, அவர்களுக்கு எந்த நேரம் ஒழியும் என்று கேட்க ஆள் இருக்காது. ஆனால் பக்கத்துக்குப் பதினோரு பேர் ஆடும் லெவன்ஸா, ஏழு பேர் ஆடும் செவன்ஸா, ஐந்து பேர் வலைக்குள் ஆடும் ஃபைவ்ஸ் கூண்டா, இல்லை மண்ணை அப்படியே விட்டு விளக்கு மட்டும் போடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்விதான்.

முதலில் வெயில். ஏப்ரல், மே மாத மதியத்தில் டர்ஃபின் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். புல் இழைகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் துகள் நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் அடித்தால் சட்டென்று குளிரும், அரை மணி நேரத்துக்குள் பழைய சூடு திரும்பிவிடும். ஆகவே "டர்ஃப் என்றால் நாள் முழுக்க ஆடலாம்" என்ற வாதம் குளிர்நாட்டுக்குத்தான் பொருந்தும். இங்கே பள்ளி விட்டு வரும் பையன்களுக்கு மாலை 5 முதல் 7, வேலைக்குப் போய் வரும் இளைஞர்களுக்கு 7 முதல் 10. காலை இரண்டு மணி நேரம் பள்ளிகளுக்கும் கோச்சிங் பிள்ளைகளுக்கும் போய்விடும். திட்டத்தை இந்த ஐந்து மணி நேரத்தில்தான் அடக்க வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள், ஒரு டீமுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம். லெவன்ஸ் டர்ஃபைச் சின்னப் பையன்களுக்கு நான்காகவும் பெரியவர்களுக்கு இரண்டாகவும் வலை போட்டுப் பிரிக்கலாம். செவன்ஸைப் பையன்களுக்கு மட்டும் இரண்டாக்கலாம். கூண்டைப் பிரிக்க வழியில்லை.

| வகை | இடம் | வாரத்துக்குப் பயிற்சி முறை | டீம் |
|---|---|---|---|
| லெவன்ஸ் (100 × 64 மீட்டர், சுற்றி 3 மீட்டர்) | 7,420 சதுர மீட்டர், 1.83 ஏக்கர் | 40 + 30 = 70 | 35 |
| செவன்ஸ் (55 × 37 மீட்டர், சுற்றி 3 மீட்டர்) | 2,623 சதுர மீட்டர், 0.65 ஏக்கர் | 20 + 15 = 35 | 17 |
| ஃபைவ்ஸ் கூண்டு (100 × 60 அடி) | 6,000 சதுர அடி | 25 | 12 |

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் விளக்கு வசதியுள்ள முழு அளவு டர்ஃப் ஒன்றுக்கு 38 டீம் என்று வைத்துத் திட்டமிடுகிறது. நம்முடைய 35 அதற்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்து இரண்டும் ஒரே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி நேரமும் வாரத்துக்கு எத்தனை முறை என்பதும் அங்கே வேறு.

அட்டவணையில் கவனிக்க வேண்டியது செவன்ஸ் வரி. லெவன்ஸுக்குத் தேவையான நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் எடுக்கிறது, டீம் எண்ணிக்கையில் பாதியைத் தாங்குகிறது. மூன்று செவன்ஸ் போட்டால் 51 டீம். ஆனால் 106 × 70 மீட்டர் மனையில் மூன்றைத் திணிக்க முடியாது; இரண்டுதான் அடங்கும். அரை ஏக்கருக்குச் சற்று மேலான துண்டுகள் வேறு வேறு இடங்களில் கிடைத்தால்தான் செவன்ஸின் லாபம் கைக்கு வரும். 200 வார்டு உள்ள ஊரில் இரண்டு ஏக்கர் தேடுவதைவிட அது சுலபம். பையன்களும் பஸ் ஏறாமல் நடந்தே வரலாம். வட சென்னையின் வியாசர்பாடி மாதிரி தெருவுக்கு ஒரு டீம் இருக்கும் பகுதியில் பக்கத்தில் இருப்பதற்குத்தான் மதிப்பு. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் பத்து வயதுப் பிள்ளைகள் வருவது நின்றுவிடும்.

நிலத்தைப் பொறுத்தவரை கூண்டுக்குத்தான் முதலிடம். கால்பந்தைப் பொறுத்தவரை கடைசி இடம். பதினாறு பேர் வரும் டீமில் பத்து பேர் ஆட, ஆறு பேர் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆஃப்சைடு கிடையாது, கிராஸ் கிடையாது, கோல்கீப்பர் பந்தை உயர அடித்தால் மேல்வலையில் பட்டுத் திரும்பும். கூண்டிலேயே வளர்ந்த பையன் லீக் மேட்சுக்குப் போனால் முப்பது மீட்டர் பாஸ் கொடுக்கத் தயங்குவான். வாடகை வசூலிக்கும் தனியாருக்கு அது சரியான வியாபாரம். பொதுப்பணத்தில் கட்ட அது சரியான பொருள் இல்லை.

லெவன்ஸை விட்டுவிடவும் முடியாது. டிவிஷன் லீக் ஆடும் டீமுக்கு முழு அளவு வேண்டும், அதற்கு ஈடு வேறில்லை. குறுக்குக் கோடுகள் வேறு நிறத்தில் போட்டால் ஞாயிறு காலையில் ஒரே நேரத்தில் இரண்டு செவன்ஸ் மேட்ச் ஓட்டலாம். அந்தக் கோட்டை நெய்யும்போதோ பதிக்கும்போதோ போட்டுவிட வேண்டும். பிறகு பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். ஆகவே மண்டலத்துக்கு ஒரு லெவன்ஸ், அதைச் சுற்றி மூன்று நான்கு செவன்ஸ் என்பதே பொருத்தமான கலவை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மண் மைதானத்தைப் பார்க்க வேண்டும். டெண்டர் எடுப்பவர்களுக்குப் பிடிக்காத தேர்வு இது. இருக்கிற மண் மைதானத்தில் பல டீம்களுக்குக் குறையாக இருப்பது புல் இல்லை, இருட்டு. ஆறரை மணிக்கு மேல் பந்து தெரியாது. பயிற்சிக்கு 75 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும், உள்ளூர் மேட்சுக்கு 200 லக்ஸ். கம்பம் தாழ்வாக இருந்தால் கோல்கீப்பர் கண் கூசும். லெவன்ஸுக்கு 15 மீட்டர் உயரம் நல்லது. நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுக்க வேண்டும். 64 மீட்டர் அகலத்துக்கு நடு 32 சென்டிமீட்டர் உயரும், ஆடும்போது தெரியாது. ஓரத்தில் கால்வாய், மேலே செம்மண்ணும் மணலும் கலந்து ரோலர். களிமண் அதிகமானால் மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல நாள் கெடும், அது உண்மையான நஷ்டம்தான். மீதி ஒன்பது மாதம் டர்ஃபுக்குச் சமமாக உழைக்கும். இயற்கைப் புல் இந்தப் போட்டியிலேயே இல்லை. நன்றாகப் பராமரித்தாலும் வாரம் மூன்று மேட்சுக்கு மேல் தாங்காது, தண்ணீரும் கேட்கும்.

டர்ஃப் என்று முடிவானால் கெடுவது பெரும்பாலும் கார்பெட்டுக்கு அடியில்தான். தோண்டிய மண்ணை இறுக்கி, துணி விரித்து, ஓட்டைக் குழாய் பதித்து, மேலே 15 முதல் 25 சென்டிமீட்டர் ஜல்லி, அதன்மேல் பொடி ஜல்லி. இந்தக் கடைசி அடுக்கில் கல் உடைக்கும் கிரஷரின் தூளைக் கொட்டிவிட்டால் மட்டம் அழகாக வரும், முதல் பெருமழையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும், ரப்பர் துகள் மிதந்து ஒரு மூலைக்குப் போய்க் குவியும். கார்பெட் விரிக்கும் முன் நான்கைந்து இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் மேலே போக விடாதீர்கள். கான்கிரீட் தளத்தின் மேல் நேராக விரித்த கூண்டுகளில் இன்னொரு தொல்லை: முழங்கால். அடியில் அதிர்வு தாங்கும் ஷாக் பேடு இல்லையென்றால் சிமென்ட் தரையில் ஓடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து நிரப்பும் பொருள். 50 மில்லி புல்லுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோ சிலிக்கா மணல், 10 கிலோ ரப்பர் என்று வைத்தால் லெவன்ஸுக்கு 111 டன் மணல், 74 டன் ரப்பர். காண்டிராக்டர் மிச்சம் பிடிக்க வசதியான இடம் இதுதான், ஏனென்றால் விரித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. இரும்பு ஸ்கேலைப் புல்லுக்குள் செங்குத்தாகக் குத்தி, துகளுக்கு மேல் எத்தனை மில்லி புல் நிற்கிறது என்று பாருங்கள். 15 முதல் 20 மில்லிக்குள் இருந்தால் சரி. 30 மில்லி நின்றால் நிரப்பியது குறைவு. அந்தப் புல் ஒரே வருடத்தில் படுத்துவிடும், படுத்த புல் மறுபடி எழாது. கோல்வாயிலும் பெனால்டி புள்ளியிலும் துகள் வாராவாரம் ஷூவோடு போகும். ஒரு வாளி துகளும் ஒரு பிரஷ்ஷும் அங்கேயே இருக்க வேண்டும்.

ரப்பர் துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்டிக் விதியின் கீழ்த் தடை கொண்டுவந்து, 2031 அக்டோபர் 17 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. இந்திய மைதானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் இன்று போடும் டர்ஃபுக்கு அடுத்த கார்பெட் வாங்கும் நேரத்தில் சந்தையே மாறியிருக்கும். தென்னை நாரும் கார்க்கும் கலந்த மாற்று இருக்கிறது. சூடு குறையும், பொள்ளாச்சி நாருக்கு வேலையும் வரும். ஆனால் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும், கொட்டும் மழையில் ரப்பரைவிடச் சுலபமாக மிதக்கும். சென்னை மழைக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கட்டணத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 14 பேர் வாரம் இரண்டு மணி நேரம் ஆடினால் அந்த விகிதத்தில் மாதம் 13,440 ரூபாய். ஏரியா டீமால் ஆகாது. முழுக்க இலவசம் என்றால் எட்டாவது வருடம் கிழிந்த கார்பெட்டை மாற்றப் பணம் இருக்காது. மாற்ற 80 லட்சம் என்று டெண்டர் வந்தால் (உங்கள் தொகையை இதில் போட்டுக்கொள்ளுங்கள்) எட்டு வருடத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம். 35 டீமுக்குப் பிரித்தால் டீமுக்கு மாதம் சுமார் 2,400, ஆளுக்கு 170 ரூபாய். இதில் பாதியை மாநகராட்சி ஏற்றால் மீதி ஒரு பையனுக்கு மாதம் 85 ரூபாய். தனிக் கணக்கில் பூட்டி வைத்தால்தான் இதற்கு அர்த்தம். பொதுக் கணக்கில் கலந்தால் சாலைக்கும் சாக்கடைக்கும் போய்விடும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபடக் கூடாது: டர்ஃபின் மேல் பந்தல் கிடையாது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, ஒரு பந்தல் கால் நட்டால் கார்பெட்டும் துணியும் சேர்ந்து ஓட்டையாகும். அந்த ஓட்டை வழியாக ஜல்லிக்குள் இறங்கும் மண்ணை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.