நீலத்தை அழுத்தியது யார்? மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனை முடித்த கையோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே இருப்பது முழுக்க ஸ்பாய்லர். மூன்று பாகங்களையும் இன்னும் விளையாடாதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

2007, 2010, 2012 என மூன்று தவணையில் வந்த மாஸ் எஃபெக்ட் விண்வெளி வீடியோ ஆட்டங்களை ஒன்றாக்கி, படத்தைத் துலக்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட டிஎல்சிகளையும் (கூடுதல் பகுதிகள்) உள்ளே வைத்து பயோவேர் நிறுவனம் 2021 மே மாதம் வெளியிட்டதுதான் லெஜண்டரி எடிஷன். கணினியில் 120 ஜிபி இடம் கேட்கும். முதல் பாகத்தில் குறிவைப்பதும் மாக்கோ வண்டி ஓட்டுவதும் இப்போது தேவலை, லிஃப்டில் நின்று நின்று கால் மரத்துப்போகும் காட்சிகளைத் தாண்டிவிடலாம். மூன்றாம் பாகத்தின் மல்டிபிளேயரைத் தூக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2012-இல் மல்டிபிளேயர் பக்கமே போகாதவர்கள் சேர்த்த படைபலம் பாதிதான் கணக்கில் வரும், என் வீட்டு இணையமோ அப்போது ஒரு ரவுண்டு முடிவதற்குள் நாலு முறை செத்துப் பிழைக்கும். சரி, படம், ஒலி, வேகம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அந்த முடிவைப் பற்றி.

ஞாபகம் மங்கியவர்களுக்காக: ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் ஐம்பதாயிரம் வருடத்துக்கு ஒருமுறை வந்து முன்னேறிய உயிரினங்களையெல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும். அவற்றின் பெரிய ஆயுதம் பீரங்கி இல்லை, இண்டாக்ட்ரினேஷன், அதாவது மனதை வசியப்படுத்துவது. ரீப்பருக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தால் போதும், முதலில் காதில் ரீங்காரம், தலைவலி, யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஓர் உணர்வு, அப்புறம் மெல்ல மெல்ல அது சொல்வது நியாயமாகப் படத் தொடங்கும். அவசரப்பட்டு இறுக்கிப் பிடித்தால் ஆள் புத்தி கெட்டு எதற்கும் உதவாமல் போய்விடுவான் என்பதால் ரீப்பர் பொறுமையாகத்தான் வேலை பார்க்கும்.

இந்த ஒரு விஷயத்தை மூன்று ஆட்டங்களும் பிரமாதமாக வளர்த்திருக்கின்றன. முதல் பாகத்தில் பெனேசியா என்ற மூதாட்டி, ரீப்பர் பக்கம் போன வில்லன் சாரெனை நல்வழிப்படுத்தலாம் என்று அவனோடு சேரப் போய் அவளே அடிமையாகிவிடுகிறாள். மனதின் ஒரு மூலையை மட்டும் பூட்டி வைத்திருந்து, சாவதற்குச் சற்று முன் அதைத் திறந்து சில நிமிடம் தானாகப் பேசுவாள். தன் கைகள் செய்யும் கொடுமைகளை உள்ளே இருந்து கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வாள். இரண்டாம் பாகத்தில் செத்துக் கிடக்கும் ஒரு ரீப்பருக்குள் போகிறோம், அங்கே ஆராய்ச்சிக்குப் போனவர்களின் பதிவுகள் கிடைக்கும். ஒருவன் தன் மனைவியைப் பற்றி ஏதோ சொல்ல, இன்னொருவன் அது என் நினைவாயிற்றே என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம். சண்டை இல்லை, ரத்தம் இல்லை, மொத்தத் தொடரிலும் என்னை அதிகம் பயமுறுத்திய இடம் இதுதான்.

ஆக, முடிவுக்கு வரும்போது ஆட்டம் நமக்கு ஒன்றை நன்றாகக் கற்றுக் கொடுத்துவிட்டது: வசியப்பட்டவனுக்குத் தான் வசியப்பட்டிருப்பது தெரியாது. சொந்தமாக யோசிக்கிறேன் என்றுதான் நினைப்பான்.

இப்போது கடைசி அரை மணி நேரம். லண்டனில் ஹார்பிஞ்சர் என்ற ரீப்பரின் கதிர் பட்டு, நாம் ஆடும் நாயகன் ஷெப்பர்ட் விழுந்து, தட்டுத் தடுமாறி சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்துக்குள் போகிறான் (என்னுடையது ஆண் ஷெப்பர்ட். பெண் ஷெப்பர்ட்தான் சரி என்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை). அங்கே ஷெப்பர்டின் பழைய மேலதிகாரி ஆண்டர்சன் நிற்கிறார், பின்னால் செர்பரஸ் அமைப்பின் தலைவன் இல்லூசிவ் மேன் வருகிறான், ரீப்பர்களை அடக்கி ஆளத் துடிப்பவன். திரையின் ஓரங்களில் கறுப்பாகக் கொடி கொடியாக ஏதோ படர்கிறது, காதில் முணுமுணுப்பு. நம் கை தானாக உயர்ந்து ஆண்டர்சனைச் சுடுகிறது. நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் பேச்சிலேயே இல்லூசிவ் மேனைத் தோற்கடிக்கலாம், முந்தைய சந்திப்புகளில் அவனோடு சரியாகப் பேசி வந்திருந்தால் அந்த வசனங்கள் திறந்திருக்கும், கடைசியில் அவன் தன்னைத் தானே சுட்டுக்கொள்வான். முதல் பாகத்தில் சாரெனுக்கும் இதே வழி உண்டு. அடிமையானவனுக்கு மிச்சமிருக்கும் கடைசிச் சுதந்திரம் அது ஒன்றுதான் என்று ஆட்டம் இரண்டு முறை சொல்கிறது. ரத்தம் வழிய ஆண்டர்சனும் ஷெப்பர்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூமியைப் பார்க்கிறார்கள். அதோடு முடித்திருந்தால் இந்த விமர்சனம் நாலு வரியில் முடிந்திருக்கும்.

முடியவில்லை. மேலே கூட்டிப் போய், ஒரு குழந்தை உருவத்தில் காட்டலிஸ்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ரீப்பர்களை ஆட்டி வைப்பது அதுதான். அது மூன்று வழி காட்டுகிறது. வலப்பக்கம் சிவப்பு, டிஸ்ட்ராய்: ரீப்பர்கள் அழியும், கூடவே கெத் என்ற இயந்திர இனமும் நம் கப்பலின் செயற்கை அறிவான ஈடியும் போவார்கள். இடப்பக்கம் நீலம், கண்ட்ரோல்: நீ செத்து, உன் அறிவு ரீப்பர்களை ஆளும். நடுவே பச்சை, சிந்தஸிஸ்: எல்லா உயிரும் இயந்திரமும் கலந்து ஒன்றாகும்.

2012-இல் நான் எதைத் தேர்ந்தேன் தெரியுமா? நீலம். விடியற்காலை மூன்று மணி, கண் எரிச்சல். அதிகம் யோசிக்கவே இல்லை. நூறு மணி நேரத்துக்கு மேலாக நீலம் என்றால் பாரகன், நல்லவன் வழி, சிவப்பு என்றால் ரெனிகேட், முரடன் வழி என்று விரலுக்குப் பழக்கிவிட்டார்கள், விரல் போய்விட்டது. ஷெப்பர்ட் இரண்டு பிடிகளையும் பிடிக்கிறான், தோல் கருகுகிறது, கண்கள் இல்லூசிவ் மேனின் கண்கள் மாதிரியே ஒளிர்கின்றன. அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் எவனோடு தொண்டை வறள வாதாடி ஜெயித்தேனோ, அவன் செய்ய நினைத்ததைத்தான் நான் செய்து முடித்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கண்ட்ரோல் என்பது இல்லூசிவ் மேனின் கனவு. தெஸ்ஸியா கிரகத்தில் கிடைக்கும் புரோத்தியன் வி.ஐ. (போன அறுவடையில் அழிந்த இனம் விட்டுச் சென்ற கணினி அறிவு) வேறு, தங்கள் காலத்திலும் ரீப்பர்களை அடக்கி ஆளலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது, அவர்கள் ஏற்கனவே வசியப்பட்டவர்கள் என்று சொல்லியே விடுகிறது. சிந்தஸிஸ், சதையும் இயந்திரமும் சேர்ந்த புது உயிர் என்று முதல் பாகத்தில் சாரென் பேசிய அதே பேச்சு. மூன்றில் இரண்டு வழிகள் அடிமைகளின் யோசனை. மிச்சமிருக்கும் ஒன்றுக்குச் சிவப்பு பூசி, உன் நண்பர்களும் சாவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறது அந்தக் குழந்தை.

இங்கிருந்துதான் அந்தப் பிரபலமான இண்டாக்ட்ரினேஷன் தியரி பிறந்தது: கதிர் பட்டதற்கு அப்புறம் நடப்பதெல்லாம் ஷெப்பர்டின் மண்டைக்குள் நடக்கிறது, சிவப்பைத் தேர்ந்தால் வசியத்திலிருந்து தப்பித்தான் என்று பொருள். ஆதாரமும் அடுக்கினார்கள். படைபலம் போதுமான அளவு இருந்து சிவப்பை எடுத்தால் மட்டும், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு உடல் மூச்சை இழுக்கும் காட்சி வரும். ஆண்டர்சனுக்குக் குண்டு பட்ட இடத்தில் ஷெப்பர்டுக்கு ரத்தம் கசியும். தொடக்கத்தில் வான்கூவரில் வந்த அந்தச் சிறுவனை ஷெப்பர்டைத் தவிர யாரும் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு இந்தத் தியரி ரொம்பப் பிடிக்கும், ஆனால் நம்பவில்லை. 2012 ஜூனில் இலவசமாக வந்த எக்ஸ்டெண்டட் கட், மூன்று முடிவுகளும் நிஜமாகவே நடந்தன என்று பின்கதை போட்டுக் காட்டிவிட்டது. வேதனை என்னவென்றால், கடைசிக் கட்டத்தில் ஆட்டக்காரர் கையிலிருந்து ஷெப்பர்ட் நழுவி ரீப்பர் பிடிக்குப் போகிற மாதிரி ஒரு பகுதியை பயோவேர் யோசித்து, வசனத் தேர்வுகளோடு அது ஒத்துவரவில்லை என்று கைவிட்டிருக்கிறது. ரசிகர்கள் வெறும் காற்றில் கயிறு திரிக்கவில்லை.

அந்த வருடம் ரசிகர்கள் சிவப்பு, நீலம், பச்சைக் கிரீம் வைத்த கப்கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள், மூன்றும் ஒரே சுவை. நல்ல நக்கல். ஆனால் என் குறை வேறு. மூன்று முடிவும் ஒரே மாதிரி இருப்பது பெரிய விஷயமில்லை. நூறு மணி நேரம் எல்லாரோடும் வாதாட விட்ட ஆட்டம், வாதாடியே ஆக வேண்டிய ஒருவனிடம் வாயைக் கட்டிவிட்டது. இயந்திரமும் உயிரும் சேர்ந்து வாழவே முடியாது என்கிறது காட்டலிஸ்ட். ரன்னோக் கிரகத்தில் கெத்களுக்கும் அவற்றை உருவாக்கிய குவேரியன்களுக்கும் சமாதானம் செய்து வைத்துவிட்டு வந்து நிற்கிறேன் ஐயா நான்! அதைச் சொல்ல ஒரு வசனமாவது வேண்டாமா? நம் கூட்டாளியான லீஜியன் என்ற கெத் சாகும் முன் முதல்முறையாக "நான்" என்று சொன்னதே, அதற்கு என்ன மதிப்பு?

லீஜியன் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் பாகத்தில் அதனுடைய மிஷன், ரீப்பர் பக்கம் போன கெத்களை அழிப்பதா, அவற்றின் எண்ணத்தையே திருத்தி எழுதுவதா என்று கேட்கும். திருத்தி எழுதினால் பாரகன் புள்ளி! மூளைச்சலவைக்கு நல்லவன் பட்டம். முதல் தடவை பெருமையோடு வாங்கிக்கொண்டேன். இந்த முறை அந்தத் திரையில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் காபி போட எழுந்து போனேன், திரும்பி வந்தும் பத்து நிமிடம் எதையும் அழுத்தவில்லை. கடைசியில் அழித்தேன். அதுவும் சரியா என்று இன்னும் தெரியவில்லை. இந்தத் தொடர் இதே கேள்வியை இவ்வளவு கூர்மையாக முன்னாடியே கேட்டிருக்கிறது, முடிவில் மட்டும் ஏன் மூன்று நிறத்தில் அடைத்தார்கள் என்பதுதான் ஆதங்கம்.

எக்ஸ்டெண்டட் கட் நாலாவதாக ஒரு வழி வைத்தது: மூன்றையும் மறுக்கலாம், அல்லது குழந்தையைச் சுடலாம். சுட்டால் அதன் குரல் சட்டென்று தடித்த ரீப்பர் குரலாக மாறும், எல்லாரும் சாவார்கள், நம் தோழி லியாரா விட்டுச் சென்ற பதிவு மட்டும் மிஞ்சும். இந்த முறை நான் அதைச் செய்து பார்த்தேன். தோற்றேன், ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, சிவப்புப் பக்கம் நடந்தேன். ஈடிக்காக இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வாங்கலாமா என்றால், தள்ளுபடி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒரே ஒரு விஷயம்: மூன்றாம் பாகத்தில் செர்பரஸ் தலைமையகத்தைத் தாக்கும் மிஷனை எடுத்துவிட்டால் திரும்பி வர முடியாது, அதற்குள் லெவியாதன் என்ற டிஎல்சியை முடித்துவிடுங்கள். காட்டலிஸ்டை உருவாக்கியவர்கள் யார், மற்றவர் மனதை அடிமைப்படுத்தும் வித்தையை முதலில் கையில் வைத்திருந்தது யார் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. 2012-இல் ஆட்டம் வெளியாகி ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து அதைத் தனியாக விற்றார்கள். அவ்வளவு முக்கியமான துண்டை.