மூன்றே நாள் என்றால் ஒசாகாவா, ஃபுகுவோகாவா?

சுற்றிப் பார்க்கவும் சாப்பிடவும் இரண்டு இரவு, மூன்று பகல் கிடைத்தால், ஜப்பானில் எந்த ஊர் என்று யோசிக்காமலே ஒசாகாவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம். என் ஓட்டு ஃபுகுவோகாவுக்கு. ஒசாகா சாப்பாட்டில் குறைந்த ஊரே அல்ல. அது கேட்கிற நேரம் இவ்வளவு சின்னப் பயணத்தில் கிடையாது, அவ்வளவுதான்.

ரயில் ஒழுங்கு, சுத்தம், பாதுகாப்பு எல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஒசாகாவில் ரயிலுக்குப் பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் இகோகா அட்டை ஃபுகுவோகா சுரங்க ரயிலிலும் செல்லும். ஹோட்டல் வாடகை எந்த ஊர் என்பதைவிட எந்த வாரம் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கும்.

முடிவைத் தீர்மானிப்பது விமான நிலையம்.

ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம் கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவில், 1994இல் திறக்கப்பட்டது. நகரின் மையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நன்காய் நிறுவனத்தின் விரைவு வண்டியில் நகரின் தெற்கிலுள்ள நம்பாவுக்கு ஏறக்குறைய 45 நிமிடம். கட்டணம் கூடுதலான ராபிட் வண்டியில் 40க்குச் சற்றுக் குறைவு. இது கால அட்டவணைக் கணக்கு. குடிநுழைவு வரிசை, டிக்கெட், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது, நம்பாவில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு இன்னொரு தடத்துக்கு மாறுவது எல்லாம் சேர்ந்தால், தரையிறங்கியதிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதே பத்திரம். திரும்பும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜேஆர் என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தின் விமான நிலைய விரைவு வண்டியில் பெரும்பாலும் வகயாமா என்ற வேறு ஊருக்குப் போகும் பெட்டிகளையும் கோத்திருப்பார்கள். ஹினேனோ நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகள்தான் தீவுக்குப் போகும். பின்பக்கம் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டால், கண் விழிக்கும்போது வகயாமா வழியில் இருப்பீர்கள். பலத்த காற்று வீசினால் கடல் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவதும் உண்டு.

ஃபுகுவோகாவில் விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாத்தா இரண்டாவது நிலையம். சுரங்க ரயிலில் ஐந்தாறு நிமிடம், 260 யென். கடைவீதிப் பகுதியான தென்ஜினுக்கும் அதே கட்டணம், 11 நிமிடம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சுரங்க ரயில் நிலையம் உள்நாட்டு முனையத்தின் அடியில் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்கள் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். நடுவே இலவசப் பேருந்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். பெரிய பெட்டி இருந்தால் இலவசப் பேருந்தை விட்டுவிட்டு, வெளிநாட்டு முனையத்திலிருந்து நேராக ஹகாத்தா நிலையம் போகும் நகரப் பேருந்தில் ஏறுவது சுலபம். அதையும் சேர்த்தாலும் வழிக்கு ஒரு மணி நேரம் மிச்சம். போகவர இரண்டு மணி. 'ரயில் தவறினால் என்ன செய்வது' என்று முன்னெச்சரிக்கையாக ஒதுக்கும் நேரமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அரை நாள். சாப்பாட்டுக்காகப் போகிற பயணத்தில் அரை நாள் என்பது இரண்டு வேளைச் சாப்பாடு.

ஊருக்குள்ளும் இதே கதைதான். ஹகாத்தாவிலிருந்து நகாசு இரண்டாவது நிலையம், தென்ஜின் மூன்றாவது. வெயில் இல்லாவிட்டால் நடந்தே போகலாம். ஒசாகாவில் வடக்கே உமேதா, தெற்கே நம்பா. நடுவே சுரங்க ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் உமேதாவின் நிலத்தடிப் பாதைகளில் வெளிவாசலின் எண்ணை முன்கூட்டிப் பார்த்து வைக்காதவர்கள் கால் மணி நேரத்தை அங்கேயே தொலைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஃபுகுவோகாவின் முதல் தட்டு பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த டோன்கோட்சு ராமென். நூடுல்ஸ் மிக மெல்லியது. நகஹாமா மீன் சந்தையில் நிற்க நேரமில்லாத தொழிலாளிகளுக்காகச் சட்டென்று வெந்துவிடும்படி மெல்லிதாகப் போட்டார்கள். சீக்கிரம் வெந்தது சீக்கிரம் ஊறியும் போகும். அதனால் முதல் கிண்ணத்தில் கொஞ்சமாகவே வைப்பார்கள். போதாதவர்கள் 'கயேதமா' என்று இன்னொரு உருண்டை நூடுல்ஸ் கேட்டு வாங்க வேண்டும். கிண்ணத்தில் இரண்டு வாய் மிச்சமிருக்கும்போதே சொல்லிவிடுங்கள், ஒரு நிமிடத்தில் வந்துவிடும். சூப்பில் பாதியையாவது அதுவரை குடிக்காமல் வையுங்கள். புது நூடுல்ஸோடு வெந்த நீரும் வந்து சூப்பு நீர்த்துப்போகும். மேசையில் உள்ள சிறு குடுவையிலிருந்து கொஞ்சம் சாறு ஊற்றினால் உப்பு சரியாகும். வேக்காடு கேட்டால் 'கத்தா' என்று சொல்லுங்கள். கடினமாக, நடுவில் லேசாகப் பல்லில் படும். காரமான தகானா கீரை ஊறுகாயைச் சூப்பைச் சுவைத்துப் பார்ப்பதற்கு முன் போடாதீர்கள், மொத்தச் சுவையையும் அது விழுங்கிவிடும்.

இரண்டாவது, யதாய் என்கிற இரவுத் தள்ளுவண்டிக் கடைகள். நகரில் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. நகாசு ஆற்றோரம், தென்ஜின், நகஹாமா மூன்று இடங்களில் கூட்டமாகக் கிடைக்கும். 2013இல் நகராட்சி தனி விதிமுறை கொண்டுவந்து, புதியவர்களும் விண்ணப்பித்துக் கடை போட வழி செய்தது. ஒரு கடையில் எட்டுப் பத்துப் பேர்தான் உட்காரலாம். மாலை 6.30க்கு முன் போனால் இடம் கிடைக்கும். ஆளுக்கு ஒரு பண்டமாவது வாங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுவது மரியாதை. பெட்டி வைக்க இடமில்லை, கழிப்பறை இல்லை, ரொக்கம் கையில் இருக்கட்டும். பச்சை மீன் பரிமாற அனுமதி கிடையாது, அங்கே சஷிமி கேட்டு நிற்காதீர்கள். மழையோ பலத்த காற்றோ வந்தால் கடை போடவே மாட்டார்கள். ஞாயிறு விடுமுறையும் பல கடைகளுக்கு உண்டு. ஆகவே யதாயை முதல் இரவே முடித்துவிடுங்கள். வானம் ஏமாற்றினால் அடுத்த இரவு கையில் இருக்கும்.

ஒசாகாவின் தகோயாகி (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை), ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் போட்ட தடித்த அடை), குஷிகாட்சு (குச்சியில் குத்திப் பொரித்தது) மூன்றும் அருமை. தகோயாகி வெளியே ஆறினாலும் உள்ளே மாவு கொதித்துக்கொண்டிருக்கும். குச்சியால் பிளந்து ஆவியை விட்டுச் சாப்பிட வேண்டும். ஒகோனோமியாகி கல்லில் வேக 15 நிமிடத்துக்கு மேல் ஆகும், பசி முற்றிய பிறகு போய் உட்காராதீர்கள். நம்பாவின் சாப்பாட்டுத் தெருவான தோதோன்போரியின் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வரிசை நிற்பது இதோடு சேரும்.

நம்மவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்றி வேண்டாம் என்றால் ஃபுகுவோகாவின் ராமெனும், மாடு வேண்டாம் என்றால் மாட்டுக் குடல் போட்ட மோட்சுநபேயும் போய்விடும். அப்போதும் கோழி எலும்புச் சாற்றில் வேகும் மிசுதகியும், பர்டாக் வேர் பஜ்ஜி போட்ட மெத்தென்ற ஹகாத்தா ஊதோன் என்கிற தடித்த நூடுல்ஸும் இருக்கின்றன. ஊதோன் சாற்றில் மீன் உண்டு. சுத்த சைவம் என்றால் ஒசாகாவையே எடுங்கள். இரண்டு ஊரிலும் மீன் சாறு இல்லாத பண்டம் அரிது. ஒசாகா பெரிய ஊர், சைவக் கடையும் இந்தியக் கடையும் தேடினால் அகப்படும்.

சுற்றிப் பார்க்க ஒசாகாதான் வலுவானது, மறுக்கவில்லை. கியோட்டோ அரை மணி நேரத்தில், நாரா 40 நிமிடத்தில். ஐந்து நாளோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஜப்பானுக்கு முதல் முறை என்றால், என் பேச்சைக் கேட்காமல் ஒசாகா போங்கள். குழந்தைகளுக்காக யூனிவர்சல் ஸ்டுடியோஸ்தான் நோக்கம் என்றாலும் அப்படியே. என் கணக்கு சாப்பாட்டையும் நடையையும் வைத்துப் போட்டது.

ஃபுகுவோகாவில் பார்க்க வேண்டியவை குறைவு, ஆனால் வழியிலேயே இருக்கின்றன. தோச்சோஜி கோயிலின் 10.8 மீட்டர் மரப் புத்தரும் குஷிதா கோயிலும் ஒரே காலைக்கு. ஜூலை முதல் பாதியில் போனால், அலங்காரத் தேர்களைத் தோளில் தூக்கி ஓடும் யமகாசா விழா. 15ஆம் தேதி அதிகாலை 4.59க்கு ஓட்டம் தொடங்கும், அந்த வாரம் ஹோட்டலை மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். பக்கத்து ஊரான தசாய்ஃபுவின் தென்மாங்கு கோயிலைக் கடைசி நாளுக்கு வையுங்கள். ஹகாத்தா பேருந்து நிலையத்திலிருந்து தசாய்ஃபு போகும் 'தபிதோ' பேருந்து வெளிநாட்டு முனையத்தில் நின்று போகும். காலையில் போய், வாசல் தெருவில் சுடச்சுட உமேகயே மோச்சி தின்றுவிட்டு (அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறு, சைவர்களும் சாப்பிடலாம்), அதே பேருந்தில் நேராக விமானத்துக்குப் போகலாம். தசாய்ஃபு நிலையத்தில் பெரிய பெட்டி கொள்ளும் லாக்கர் சிலவே. 9 மணி வாக்கில் சேர்ந்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்குள்ளேயே இருப்பதால் ஃபுகுவோகா விமான நிலையம் இரவு 10 முதல் காலை 7 வரை இயங்காது. டோக்கியோவிலிருந்து கடைசி விமானத்தில் வந்து அது தாமதமானால் வேறு ஊரில் இறக்கலாம், புறப்பட்ட இடத்துக்கே திருப்பலாம். இரவு 8க்குள் வந்து சேரும் விமானமாக எடுங்கள். சென்னையிலிருந்து எங்காவது மாறித்தான் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு.