1942இன் கொழும்பை அறிய: பழைய பத்திரிகையா, கல்லறைத் தோட்டமா?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின; அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. பயந்துபோன சனம் நகரைவிட்டு வெளியேறியது. அந்தக் காலத்தை அறிய இங்கேயே இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பழைய பத்திரிகைகளைப் பார்க்கக்கூடிய, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடம். வீரகேசரி, தினகரன் இரண்டும் அப்போதே வெளிவந்துகொண்டிருந்தன. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டுக் காலத்தில் வீடுகள் எப்படிச் சமாளித்தன என்று பார்க்க, பெரிய செய்திகளைவிடச் சின்ன விளம்பரங்களும் அறிவித்தல்களும்தான் உதவும் என்பது என் எண்ணம். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் தாக்குதல் செய்திகளை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

மற்றது, இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினர் அடக்கம் செய்யப்பட்டுள்ள, கொழும்பின் லிவரமென்டு கல்லறைத் தோட்டம். கல்லில் படையினரின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, அவ்வளவுதான். ஆனால் அந்த வயதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. யார் பெற்ற பிள்ளைகளோ!

நேரம் குறைவென்றால் கல்லறைக்குப் போங்கள். நம்மவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே ஓடினார்கள் என்று தெரிய வேண்டுமா? சரி, சுவடிக்கூடம்தான். 1942 ஏப்ரல் இதழ்களை முதலில் கேட்டுப் பாருங்கள்.