சாலையின் கவுண்டிப் பக்கம்: ஒரு நீண்டகால அனுபவம்

கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் ஒருவர் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. கேட்ட விலையைச் சமீபத்தில் குறைத்தும்விட்டார்கள். "அண்ணா, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளைவிட இது ஏன் விலை கம்மி? கவுண்டி ஏரியா என்கிறார்களே, அதில் அப்படி என்ன சிக்கல்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் முழுதாக எழுதுகிறேன். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பகுதி, நம் ஊர் ஜில்லா மாதிரி. எந்தக் கவுண்டி என்று சொல்லப் போவதில்லை. அங்கே கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் கோபம் அவர்கள்மேல் போய் விழ வேண்டாம்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தபால் முகவரியில் பக்கத்து நகரத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் நாங்கள் நகர எல்லைக்குள் இல்லை. நாலு புறமும் நகரம், நடுவில் தீவு மாதிரி சில தெருக்கள். அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு கிடையாது. எங்களுக்கு நகராட்சி, பஞ்சாயத்து எல்லாமே கவுண்டிதான். எல்லைக்கோடு தெருமுனையில் இருக்கும் மெயின் ரோட்டின் நட்டநடுவே ஓடுகிறது. சென்ற கோடையில் நகரம் தன் பாதிக்குப் புதுத் தார் போட்டது. மஞ்சள் கோடு வரை வழவழவென்று கறுப்பு. கோட்டைத் தாண்டினால் வெளுத்து, வெடித்து, ஓரம் உதிர்ந்த பழைய சாலை. இரண்டுக்கும் நடுவே விரல் தடிமனுக்கு ஒரு படி நிற்கிறது. இடதுபக்கம் திரும்பும் சைக்கிள்கள் அந்தப் படியில் தட்டித் தடுமாறுவதை எங்கள் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

புகார் கொடுத்தால் கவுண்டியிலிருந்து ஆள் வருவார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். லாரியில் வந்து, குழியில் தார்க்கலவையைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த பெருமழையில் அது பெயர்ந்து, கருங்கல் பொடியாக எங்கள் வாசலுக்கு வந்து சேரும். மறுபடி புகார், மறுபடி லாரி. நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து இதுதான் கதை. தெருவிளக்குக்குப் பேசினால் அது வேறு அலுவலகம். நடைபாதையோ, பெரும்பாலான வீடுகளுக்கு முன்னால் கிடையவே கிடையாது. மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்து வாய்க்கால் என்பதிலிருந்து விசாரணை தொடங்கும். "அது சிட்டியோடது", "இல்லை, அது கவுண்டியோடது" என்று இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வீட்டில் திருட்டு என்றால் கவுண்டியின் போலீஸான ஷெரிஃப் வருவார். வாசலில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் வருவது மாநிலத்தின் நெடுஞ்சாலைக் காவல். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் கவுண்டிச் சாலைகளில் போக்குவரத்து அவர்கள் பொறுப்பு. கழிவுநீருக்குத் தனி மாவட்டம் (இங்கே மாவட்டம் என்றால் ஒரே ஒரு சேவைக்கான அரசு அமைப்பு), தீயணைப்புக்குத் தனி, பள்ளிக்குத் தனி, கொசுவுக்கும் தனி. சொத்து வரி பில்லின் அடிப்பகுதியைப் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும். பணம் வாங்கும்போது எல்லாம் ஒரே தாளில் வந்துவிடுகிறது. பதில் சொல்லும்போதும் அப்படி ஒரே இடத்திலிருந்து வரக் கூடாதா என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோது காரணம் புரிந்தது. கோபம் தணியவில்லை என்றாலும் திசை மாறியது. 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு, சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. அந்த மதிப்பும், வீடு கைமாறாத வரை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக இங்கேயே இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டுவதற்கும் நான் கட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அந்த 1 சதவீதத்திலும் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. மிச்சத்தைத்தான் கவுண்டியும் மற்ற மாவட்டங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. நகரங்களுக்குக் கடைத்தெரு இருக்கிறது, விற்பனை வரி வருகிறது. எங்கள் தீவில் இருப்பது வீடுகள் மட்டும். இப்படிப்பட்ட தீவுகளைப் பராமரிப்பது கவுண்டிக்கு நஷ்டம். நகரம் எடுத்துக்கொண்டால் நல்லது என்றுதான் அது நினைக்கும். நகரமோ, நடைபாதையும் வடிகாலும் இல்லாத பழைய தெருக்களை வாங்கிச் செலவு செய்யத் தயங்கும். எல்லைகளை முடிவு செய்ய 1963 முதல் ஒவ்வொரு கவுண்டியிலும் லாஃப்கோ என்று ஒரு ஆணையம் இருக்கிறது. 150 ஏக்கருக்கு மேற்படாத தீவுகளை வாக்கெடுப்பு இல்லாமலேயே நகரத்தோடு சேர்க்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் யாராவது விண்ணப்பித்தால்தானே?

சரி, இவ்வளவு சொன்னவன் நியாயமாக அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும்.

என் மாமனார் இங்கே எங்களோடு தங்கியிருந்தபோது காலமானார். அவருடைய அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், தகனச் சான்று வேண்டும், இந்தியத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். எதை முதலில் வாங்குவது என்றே தெரியாமல் கவுண்டியின் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் உட்காரச் சொன்னார். அப்புறம், படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பேனாவை வைத்து, "தூதரகத்துக்கு ஒன்று, அங்கே வங்கிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, நிலம் இருந்தால் அதற்கும் ஒன்று" என்று தானே எண்ணிச் சொன்னார். பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னால் திருத்துவதென்றால் எவ்வளவு அலைச்சல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் மனைவி இன்றும் அந்த அம்மாவைப் பற்றிப் பேசுவாள்.

தேர்தலும் அப்படித்தான். பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடும். திருப்பி அனுப்பத் தபால்தலை வேண்டாம். உறையின்மேல் போடும் கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் வாக்கைத் தூக்கிப் போட்டுவிடாமல் நம்மைத் தொடர்புகொண்டு சரிசெய்ய வாய்ப்புத் தருவார்கள். ஒரு முறை என் மனைவிக்கு அப்படிக் கடிதம் வந்தது. கையெழுத்திட்டு அனுப்பினாள், வாக்கு எண்ணப்பட்டதாகச் செய்தியும் வந்தது. இதையெல்லாம் நடத்துவது கவுண்டிதான், மாநிலமோ மத்திய அரசோ அல்ல.

கொரோனா வந்த 2020-ஐயும் மறக்கக் கூடாது. மார்ச் 16 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் 6 கவுண்டிகளும் பெர்க்லி நகரமும் சேர்ந்து வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவு போட்டன. மாநிலம் முழுவதற்குமான உத்தரவு வந்தது அதற்கு 3 நாள் கழித்து. கவுண்டியின் சுகாதார அதிகாரிக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அன்றுவரை இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஏழைகளுக்கு மருத்துவமும் உதவியும் கொடுப்பது கவுண்டியின் சட்டக் கடமை. மெடி-கால் (மருத்துவக் காப்பீடு), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) விண்ணப்பங்களைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்களும் கவுண்டி ஊழியர்கள்தான். வேலை போய், விசா சிக்கலில் மாட்டி, மனைவி நிறைமாதக் கர்ப்பமாகவும் இருந்த ஒரு குடும்பத்துக்கு அங்கே கிடைத்த பரிவை நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. கொசு ஒழிப்பு மாவட்டத்தைக் கூப்பிட்டு, வீட்டில் தாமரைத் தொட்டி இருக்கிறது என்று சொன்னால் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களை இலவசமாகத் தருவார்கள். எங்களுக்குச் சீருடை போட்ட ஒருவர் பாலித்தீன் பையில் கொண்டுவந்து, பையைத் தண்ணீரில் சற்றுநேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பிரித்து விட்டார். வாய்க்காலில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது, உள்ளூர் மீன்களுக்கு ஆபத்து என்று என் மகளிடம் பொறுமையாக விளக்கினார். வரி பில்லில் அந்த வரியை மட்டும் நான் சிரித்த முகத்தோடு கட்டுகிறேன்.

இன்னொன்று, குடியுரிமை இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். 5 சூப்பர்வைசர்கள் கொண்ட குழுதான் கவுண்டியை ஆள்கிறது. 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச நேரமும் தர வேண்டும். பேச வாக்காளராக இருக்கத் தேவையில்லை. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. நான் கிரீன்கார்டுகூட வராத காலத்தில் எழுந்து அந்தச் சாலையைப் பற்றிப் பேசினேன். கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், மறுநாள் அலுவலகத்திலிருந்து அழைத்து மரியாதையாகப் பேசினார்கள். தார் மட்டும் வரவில்லை.

ஆக, நான் கையாண்ட அரசு அலுவலகங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இந்தக் கவுண்டியைச் சொல்வேன். பிறப்பு, இறப்பு, நோய், ஓட்டு என்று வந்தால் இவர்களை நம்பலாம். ஆனால் நண்பருக்கு என் பதில்: அந்த வீட்டை வாங்க வேண்டாம். சாலைக்கு அந்தப் பக்கமே பாருங்கள், விலை கூடுதலானாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்ன நல்ல விஷயங்கள் எல்லாம் நகரத்துக்குள் இருந்தாலும் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அதேதான். நகரவாசிகளுக்கும் அதே கவுண்டிதான் சான்றிதழும் வாக்குச்சீட்டும் தருகிறது. அவர்களுக்கு அதோடு நல்ல சாலையும் இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் மூன்று வீடு தள்ளியிருக்கும் பையன் அந்தப் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு, எனக்கு நடுநிலையாகத் தராசு பிடிக்க மனம் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்றால், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாமல் அசெஸர் (சொத்து மதிப்பீட்டாளர்) அலுவலகத்தின் பார்சல் எண்ணை, அதாவது மனை எண்ணை, போட்டு எல்லையைப் பாருங்கள். வீட்டு உரிமையாளர் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பில் 7,000 டாலர் கழியும், வருடத்துக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். வழக்கமான வரிக்குக் கெடு டிசம்பர் 10, ஏப்ரல் 10. தவறினால் 10 சதவீத அபராதம். முதல் வருடம் சப்ளிமென்டல் பில் என்று தனியாக ஒன்று வரும். பழைய மதிப்புக்கும் நீங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி அது. அந்த பில் பெரும்பாலும் பேங்குக்குப் போகாது, உங்கள் பெயருக்கே வரும். எஸ்க்ரோவில் (வரி கட்டுவதற்காகக் கடன் கொடுத்த பேங்க் வைத்திருக்கும் கணக்கில்) கட்டிவிடுவார்கள் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.