டுவல் மொபிலிட்டியா, வழக்கமான இடுப்பு மூட்டா: முல்லைத்தீவிலிருந்து பார்த்தால்

கிணற்றடியில் வழுக்கி விழுந்து அம்மாவின் தொடை எலும்புக் கழுத்து முறிந்தது. முழு மூட்டையும் மாற்றுவதென்று முடிவானதும் வைத்தியர் இரண்டு தெரிவு சொன்னார்: வழக்கமான மூட்டு, அல்லது டுவல் மொபிலிட்டி. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். வன்னியில் இருக்கும் வயதானவருக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன்.

வலி குறைவதிலும் நடப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் பந்தில் இருக்கிறது. வழக்கமான மூட்டில் 28, 32 அல்லது 36 மில்லிமீற்றர் பந்து ஒன்று, இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணத்தின் உறைக்குள் சுழலும். டுவல் மொபிலிட்டியில் சின்னப் பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பெரிய பந்தும் மினுக்கிய உலோகக் கிண்ணத்துக்குள் உருளும். மாதிரி ஒன்றைக் கையில் தந்தார்கள். தொடை எலும்புக்குள் போகும் தண்டை மெல்லத் திருப்பினால் உள்பந்து மட்டும் அசைந்தது. தண்டின் கழுத்து பிளாஸ்டிக் விளிம்பில் முட்டியதும் வெளிப்பந்தும் சேர்ந்து திரும்பியது. பந்து பெரிதென்றால் கிண்ணத்தை விட்டு வெளியே வர அதிக தூரம் நகர வேண்டும், அதனால் லேசில் கழலாது. 1970களில் பிரான்சில் ஜில் பூஸ்கே உருவாக்கியது இது.

விலை கூடத்தான். ஆனால் எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கேள்வி: மூட்டு கழன்றால் என்ன செய்வது? கழலும் ஆபத்து முதல் மூன்று மாதங்களில் அதிகம், முறிவுக்காக மாற்றியவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த மாதங்களில் நோயாளி வீட்டில்தான் இருப்பார். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்பார்கள். எங்கள் பக்கத்து வீடுகளிலோ தேங்காய் துருவும் திருவலை, பாய், குந்தும் மலசலகூடம் என்று பாதி வாழ்க்கை தரையில். கதிரையும் கொமட்டும் வாங்கி வைத்தோம். இருந்தும் அம்மா பழக்கதோசத்தில் திருவலையில் உட்காரப் போய், ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறோம். டுவல் மொபிலிட்டி என்பதற்காகக் குந்தலாம் என்றில்லை. தவறிப் போகும் ஒரு நிமிடத்துக்கு அது காவல்.

கழன்ற மூட்டை எக்ஸ்ரே பார்த்து, மயக்கம் கொடுத்துத்தான் திரும்பப் பொருத்துவார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இங்கிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வந்தாலும், கால் குறுகித் திரும்பிக் கிடக்கும் ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோவது அவருக்குப் பெரிய வேதனை. பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறாக வரலாம்.

குறையும் உண்டு. உள்பந்து பிளாஸ்டிக்கை விட்டுக் கழல்வது இந்த வகைக்கே உரிய சிக்கல். முன்பு விளிம்பு தேய்ந்து நடந்தது, புதிய வடிவமைப்புகளில் குறைந்திருக்கிறது. நடந்தால் திறந்துதான் சரிசெய்ய வேண்டும். ஐம்பது வயதில் வயலுக்குப் போகிறவர் என்றால் வழக்கமான மூட்டில் 36 பந்தை நானும் யோசிப்பேன்; நீண்டகாலத் தேய்மானம் பற்றிப் பேச எங்கள் வீட்டு அனுபவம் போதாது. அப்புறம், இதை பைபோலர் என்ற இன்னொரு வகை மூட்டோடு குழப்ப வேண்டாம். அதிலும் இரண்டு பந்துதான், ஆனால் கிண்ணம் வைப்பதில்லை. சொந்தக் குருத்தெலும்பிலேயே உரசும்.

டுவல் மொபிலிட்டி கழன்றால் அரைகுறை மயக்கத்தில் இழுக்கக் கூடாது, உள்பந்து பிரிந்துவிடலாம். தசை முழுதாகத் தளர்ந்த பிறகே பொருத்த வேண்டும். அதனால் மூட்டின் விவர ஸ்டிக்கரை அம்மாவின் கிளினிக் கொப்பி முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவோம்.